பட்டினி போட்டால் கிருமி சாகுமா?

ஜுரம் கண்ட குழந்தைக்கு ஒரு வாய் கஞ்சி கொடுக்கப் போனால், வீட்டில் யாராவது ஒரு பெரியவர் குறுக்கே வந்து நிற்பார். "வேண்டாம்மா, லங்கணம் பரம ஔஷதம். வயிறு காஞ்சா, உள்ளே இருக்கிற கிருமியும் தன்னால காஞ்சு போயிடும்!" என்பார்.

அப்படிக் காய்ந்து போகுமா? பாக்டீரியா என்று சொல்கிறோமே, அந்தக் கிருமிகள் பட்டினியால் சாவது உண்டுதான், சகோதரிகளே. ஆனால் நாம் நினைக்கிற விதத்தில் அல்ல. எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் அவை சட்டென்று சாவதில்லை. மற்றதையெல்லாம் கொடுத்து, குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் நிறுத்தினால் மளமளவென்று சாகின்றன! வேடிக்கையாக இல்லை?

முழுப் பட்டினி போட்டால் என்ன ஆகிறது? சாப்பாடு தீர்ந்தது என்று தெரிந்ததும் கிருமி உடம்பைச் சுருக்கிக்கொள்கிறது. வளர்வதை நிறுத்திவிட்டு, செலவைக் குறைத்து, நல்ல காலம் வரட்டும் என்று காத்திருக்கிறது. சில ஜாதிக் கிருமிகள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக, தடித்த ஓடு போட்ட விதை மாதிரி மாறித் தூங்கிவிடும். அரிசியில் ஒட்டியிருக்கும் இப்படிப்பட்ட 'விதை'கள் சாதம் கொதிக்கும்போதுகூட முழுவதும் சாவதில்லை. வடித்த சாதத்தை வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வைத்தால் விழித்துக்கொண்டு பெருகும். அவை கக்கும் ஒரு நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. மீந்த சாதத்தைச் சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, ஒரே ஒரு பொருளை நிறுத்தினால்? 1954-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஹேசல் பார்னர் என்ற பெண்மணியும் சீமோர் கோஹன் என்பவரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நம் குடலில் இருக்கும் ஈ.கோலை கிருமியில் ஒரு வகை; அதற்குத் 'தைமின்' என்ற பொருளைத் தானே தயாரித்துக்கொள்ளத் தெரியாது. (வைட்டமின் பி1 ஆன தயாமின் வேறு, இது வேறு.) மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையைக் கட்டத் தைமின் அவசியம். அந்தக் கிருமிக்கு மற்ற உணவு எல்லாம் கொடுத்து, தைமினை மட்டும் நிறுத்தினார்கள். கிருமி வாடி உட்காரவில்லை, நீண்டுகொண்டே போயிற்று. பிறகு சில மணி நேரத்துக்குள் கூட்டம் கூட்டமாகச் செத்துப் போயிற்று!

காரணம் புரிய ஓர் உதாரணம். வீடு கட்டும் இடத்தில் சாமான் எதுவுமே வரவில்லை என்றால் கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டுப் போவார். கட்டிய வரைக்கும் சுவர் நிற்கும். ஆனால் செங்கல் இருக்கிறது, ஆள் இருக்கிறது, சிமெண்ட் மட்டும் இல்லை. அப்படியும் விடாமல் சுவரை எழுப்பினால்? தானே சரிந்து விழும். தைமின் இல்லாத கிருமியும் டி.என்.ஏ. இழையைக் கட்டத் துவங்கி, பாதியில் உடைத்துக்கொள்கிறது. அதற்கு வளர்ச்சி வேகமே எமன்!

இந்த யுக்தி நம் மருந்து அலமாரியிலும் இருக்கிறது. ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் 1935-ல் ஸல்ஃபா மருந்தை உலகுக்கு அறிவித்தார். அது வேலை செய்யும் விதத்தை 1940-ல் டொனால்ட் வுட்ஸ் விளக்கினார். தைமின் தயாரிக்க ஃபோலிக் அமிலம் வேண்டும். நமக்கு அது கீரை, பருப்பில் கிடைத்துவிடுகிறது. பெரும்பாலான கிருமிகளோ தாங்களே சமைத்துக்கொள்ள வேண்டும். ஸல்ஃபா, அந்தச் சமையலுக்கு வேண்டிய ஒரு சாமானைப் போலவே தோற்றம் கொண்டது. சர்க்கரை என்று எண்ணி உப்பை அள்ளிப் போட்ட கதையாகக் கிருமி ஏமாறுகிறது, வளர்ச்சி நிற்கிறது. பின்னால் வந்த டிரைமெத்தோப்ரிம் அடுத்த படியை அடைக்கிறது. அதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் கோ-டிரைமாக்ஸசோல். இரு வாசலும் அடைபட்டால் தைமின் வற்றுகிறது. நம் உடம்பிலோ மற்ற உணவு தாராளம். சிமெண்ட் இல்லாத சுவர் கதைதான்!

"அப்படின்னா எனக்குத் தெரிஞ்ச மருந்துதானே, நானே வாங்கிக் கொடுத்துடறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். இன்று பல கிருமிகள் இந்த மருந்துக்கு அடங்குவதில்லை. சாதாரண ஜலதோஷத்துக்குக் காரணம் வைரஸ். அதற்கு அடுப்பும் இல்லை, சமையலும் இல்லை, எதை அடைப்பது? ஜுரம் விட்டதே என்று நீங்களாகப் பாதியில் நிறுத்தினால், மிஞ்சிய கிருமி தலைதூக்கலாம். டாக்டர் சொன்ன நாள் வரை கொடுங்கள். மூத்தவனுக்கு வாங்கிய மருந்தில் மீந்ததைச் சின்னவளுக்குக் கொடுக்கவே கூடாது. பிறந்து சில வாரமே ஆன சிசுவுக்கு ஸல்ஃபா ஆபத்து. மேலில் தடிப்பு கண்டால் உடனே டாக்டரிடம் போங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வயிற்றில் வளரும் சிசுவுக்கும் டி.என்.ஏ. கட்டும் வேலை அவசர வேலை. ஃபோலிக் அமிலம் குறைந்தால் அதன் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போகலாம். அதனால்தான் கருத்தரிக்கும் முன்பிருந்தே, முதல் 12 வாரம் வரை தினம் 400 மைக்ரோகிராம் சாப்பிடச் சொல்கிறார்கள். எந்த மருந்து எழுதினாலும், "எனக்கு நாள் தள்ளியிருக்கு டாக்டர்" என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். இந்த ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை 1940-களில் அமெரிக்காவில் நடத்தியவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ் என்பது நமக்குப் பெருமை.

ஆக, ஜுரக் குழந்தையைப் பட்டினி போட்டால் வாடுவது கிருமி அல்ல, குழந்தைதான். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தாதீர்கள். பெரிய குழந்தைக்குக் கஞ்சியோ, குழைந்த ரசம் சாதமோ, இட்லியோ, கேட்கிறபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கிருமியைப் பட்டினி போடுகிற வேலையை டாக்டர் தரும் மருந்து பார்த்துக்கொள்ளும். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற வேலை நம்முடையது!