சின்ன ஓட்டையும் கணக்கில் வர வேண்டும்

அணு உலையில் விபத்து நடந்தால் என்ன ஆகும்?

இதை உலையை உடைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? முடியாது. அதனால் விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.

குழாய் உடைந்தால் எவ்வளவு தண்ணீர் வெளியேறும்? எவ்வளவு ஆவியாகும்? எரிபொருள் எவ்வளவு சூடேறும்? எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி கணக்கிட்டுச் சொல்லும்.

இந்தக் கணக்கு மிகவும் அவசியம். ஏன் என்றால், உலையை நிறுத்தினாலும் அதன் சூடு உடனே தணியாது. விறகை இழுத்த பிறகும் அடுப்பில் தணல் இருக்கிறது அல்லவா? அது போல, நிறுத்தியவுடன் முழுச் சூட்டில் 100-க்கு 6 பங்கு மிஞ்சி இருக்கும். அது மெல்ல மெல்லத்தான் குறையும். அதுவரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூடாத வால்வு

1970-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் போட்ட கணக்குகள் பெரும்பாலும் ஒரு கேள்வியையே சுற்றி வந்தன. "மிகப் பெரிய குழாய் ஒரேயடியாக முறிந்தால் என்ன ஆகும்?" என்பதே அந்தக் கேள்வி. பெரிய ஆபத்தைச் சமாளித்தால் சிறியதையும் சமாளிக்கலாம் என்று எண்ணினார்கள்.

ஆனால் நடந்தது வேறு.

1979 மார்ச் 28. அதிகாலை 4 மணி. பென்சில்வேனியா மாகாணத்தில் உள்ள திரி மைல் ஐலண்டு அணு மின்சார நிலையத்தில் தண்ணீர் பம்புகள் நின்றுபோயின. உலையும் தானாகவே நின்றது. அழுத்தத்தைக் குறைப்பதற்காகத் திறந்த ஒரு வால்வு மட்டும் மறுபடி மூடவில்லை.

'மூடு' என்ற உத்தரவு போய்விட்டதை விளக்கு காட்டியது. வால்வு மூடியதா என்பதை அது காட்டவில்லை! 2 மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் வெளியேறியது. ஊழியர்களோ, உள்ளே தண்ணீர் அதிகம் இருப்பதாக நினைத்து, வந்துகொண்டிருந்த தண்ணீரையும் குறைத்துவிட்டார்கள்.

விளைவு? எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது.

கிடைத்த பாடம்

அதன் பிறகுதான் சிறிய கசிவுகளுக்கும் நுணுக்கமாகக் கணக்குப் போட்டார்கள். இடாகோ மாகாணத்தில், சோதனைக்கென்றே கட்டிய சிறு அணு உலையில், வேண்டுமென்றே தண்ணீரைக் கசியவிட்டுப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் சொன்னதும், உலையில் நடந்ததும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தார்கள். இதுவே சரியான வழி.

கம்ப்யூட்டர் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேட்காததைச் சொல்லாது. கேள்வி கேட்பவன் மனிதன். உலையை இயக்குபவனும் மனிதன். அவன் தவறு செய்வான் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

"ஆபத்து இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்று எந்த நாட்டு அதிகாரி சொன்னாலும், மக்கள் திருப்பிக் கேட்க வேண்டியது இதுதான்:

"அதனிடம் என்ன என்ன கேட்டீர்கள்? அது சொன்ன பதிலைச் சோதித்துப் பார்த்தீர்களா?"