ஒட்டிய மரையில் ஓடும் கார்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலை ஏறியது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் துரைமார் காலத்து மொரிஸ் மைனரைத் தேடி வாங்கி, திருத்தி விற்பதும் கல்யாண வாடகைக்கு விடுவதும் நல்ல தொழில்தான். நான் குறை சொல்வது ஒன்றையே.

மைனரின் முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் இரு முனையிலும் மரை உண்டு. அது ட்ரனியன் எனும் துண்டுக்குள் திரும்புகிறது. கிறீஸ் வற்றினால் மரை தேயும். கழன்றால் சக்கரம் மடிந்து கார் குந்திவிடும். பலாங்கொடைப் பக்கத்து இறக்க வளைவில் இது நடந்தால்?

தேய்ந்த மரையில் வெல்டிங் நிரப்பி, கடைந்து, கறுப்பு பெயின்ட் பூசினால் பார்வைக்குப் புதுசு. ஆனால் அந்தச் சூட்டில் உருக்கின் பதம் கெடும். உள்ளே வெடிப்பும் ஒளிந்திருக்கலாம். பின் ஸ்பிரிங் பூட்டும் இடத்துத் தகடு உக்கினால் வெட்டியெறிந்து புதுத் தகடு ஒட்டலாம். அது முறையான வேலை, பாஸுக்குத் தாராளமாகக் கூலி கொடுங்கள். ஸ்பிரிங் இலையையும் மரையையும் ஒட்டக்கூடாது.

சாமான் கிடைக்காது என்பது சாக்கு. 1971இல் உற்பத்தி நின்ற இந்தக் காருக்கு இங்கிலாந்தில் இன்றும் புது ட்ரனியன் விற்கிறார்கள். 1990களில் இலங்கையிலேயே மைனர் உதிரிப்பாகம் செய்து அங்கு அனுப்பினார்களே!

தகடு ஒட்டியிருந்தால் பில்லில் எழுதுங்கள். மரை ஒட்டியிருந்தால் கழற்றிப் புதுசு போட்டு, அந்தச் செலவையும் விலையில் கேளுங்கள். வாங்குகிறவர் ஜாக் போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுக்கட்டும்.