மீன் தொட்டிக்கு நாமே செய்யும் விளக்கு மூடி

வேலைக்கென்று வெளியே போக முடியாத சகோதரிகளுக்கு அலங்கார மீன் வளர்ப்பு கைகொடுக்கக்கூடிய ஒரு தொழில். குப்பி மீன் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும். ஆனால் சீமெந்துத் தொட்டியில் நிற்கும் மீனின் நிறம் வாங்க வருபவரின் கண்ணுக்குத் தெரியாது. முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டியும் அதன் மேல் விளக்குடன் ஒரு மூடியும் இருந்தால் மீனே தன்னை விற்றுக்கொள்ளும். மீன் துள்ளி வெளியே விழாது, பூனை கை வைக்காது, கந்தளாய் வெயிலுக்குத் தண்ணீரும் சீக்கிரம் வற்றாது.

2 அடி நீளம், 1 அடி அகலமான தொட்டிக்கு மூடி செய்யும் முறையைப் பார்ப்போம்.

தேவையானவை

5 மில்லிமீற்றர் தடிப்பான வெள்ளை பீ.வீ.சி. பலகை, குழாய் ஒட்டும் கம், இரண்டு சிறிய பிளாஸ்டிக் பிணைச்சல், நீர் புகாத 12 வோல்ட் எல்.ஈ.டி. பட்டி, 12 வோல்ட் 1 அம்பியர் அடப்டர். சாதாரண மரப்பலகை ஈரத்தில் வளைந்துவிடும்.

செய்முறை

1. பெட்டியின் உள்ளளவு தொட்டியை விடக் கால் அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். பக்கப் பலகைகள் 3 அங்குல உயரம். உட்பக்க மூலைகளில் சிறு துண்டுகளை ஒட்டினால் மூடி தொட்டி விளிம்பில் உட்காரும்.

2. மேற்பலகையின் முன் 4 அங்குலத்தைத் தனியாக வெட்டி, பிணைச்சல் பூட்டுங்கள். தீனி போடும் கதவு அதுதான்.

3. பின்பக்கம் 1 அங்குல இடைவெளி விடுங்கள். சூடு வெளியேறவும் காற்றுக் குழாய் நுழையவும் அது வேண்டும். தண்ணீர் சூடாகும்போது அதில் கரையும் ஒட்சிசன் குறையும்.

4. மீற்றருக்கு 60 குமிழ் உள்ள பட்டியை, வெட்டும் அடையாளத்தில் மட்டும் வெட்டி, 55 சென்ரிமீற்றர் துண்டுகள் மூன்று எடுங்கள். அவற்றைக் கிளிப் வைத்துப் பூட்டுங்கள். ஒட்டும் நாடா ஈரத்தில் கழன்றுவிடும். நேர் முனையை நேருடனும் மறை முனையை மறையுடனும் இணைத்து, வெட்டிய நுனிகளை நீர் புகாமல் அடைக்க வேண்டும். ஈயப்பற்று வைப்பதை வானொலி திருத்துபவரிடம் ஒருமுறை பார்த்துப் பழகலாம்.

இத்தகைய பட்டி மீற்றருக்கு 5 வாட் அளவில் எடுக்கும். மூன்று துண்டும் சேர்ந்து சுமார் 8 வாட். நாளுக்கு 8 மணித்தியாலம் எரித்தால் மாதம் 2 யுனிட்தான். அதற்கு மேல் எரித்தால் கண்ணாடியில் பாசி படரும்.

உயிருக்குப் பாதுகாப்பு

பட்டியில் ஓடுவது 12 வோல்ட். சுவர் பிளக்கில் இருப்பது 230 வோல்ட். தண்ணீரோடு அது சேர்ந்தால் உயிர் போகும். ஆகவே அடப்டரை மூடிக்குள்ளோ தொட்டிக்கு நேர் கீழேயோ வைக்கக் கூடாது. வயர் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்குக்குப் போகட்டும். அப்போது வயரில் வழியும் தண்ணீர் கீழே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடுமுன் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். வீட்டு ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடும் வரை தொட்டிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

வயர் வேலை ஆண்களுக்குரியது என்பார்கள். வீட்டுச் சுமை முழுவதையும் தனியாகத் தூக்கும் நமக்கு இதுவும் கைவரும். மீன் வளர்ப்புப் பற்றிய ஆலோசனைக்கு ‘நக்டா’ எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையை நாடலாம். முதலில் ஒரு தொட்டியோடு தொடங்குங்கள்.