ஆர்கேடைக் கொன்றது கன்சோலா?

அமெரிக்காவில் காசு போட்டு வீடியோ கேம் ஆடும் கடைகளான ஆர்கேடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் கதையை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: வீட்டுக்குக் கன்சோல் வந்தது, தெருவிலிருந்த ஆர்கேட் செத்தது. டிவி வந்ததும் சினிமாக் கொட்டகை காலியானது என்று கேட்டுப் பழகிய நமக்கு இதுவும் சரியாகவே படுகிறது. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது.

முதல் வீட்டுக் கன்சோலான மாக்னவாக்ஸ் ஆடிஸி 1972-இல் கடைக்கு வந்தது. அட்டாரி நிறுவனத்தின் 'பாங்' இயந்திரத்தைக் கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் கொண்டுபோய் வைத்ததும் அதே ஆண்டுதான். வைத்த கொஞ்ச நாளிலேயே இயந்திரம் ஓடவில்லை என்று ஆள் கூப்பிட்டார்கள். அதைச் செய்த ஆல் ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். காசு விழும் டப்பா நிரம்பி வழிந்து, இன்னொரு காசு இறங்க இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது. ஆக, வீட்டு விளையாட்டும் தெரு விளையாட்டும் ஒரே வயதுப் பிள்ளைகள். அட்டாரி 2600 கன்சோல் 1977-இல் வந்தது. ஆர்கேடின் பொற்காலத்தைத் தொடங்கிவைத்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. அதே விளையாட்டு 1980-இல் 2600-க்கும் கிடைத்தது. வீட்டிலேயே ஆடலாம் என்றான பிறகும் ஆர்கேடுகள் பெருகிக்கொண்டுதான் இருந்தன.

'சரி, ஆர்கேட் 1983-இல் விழுந்ததே?' என்பார்கள். விழுந்தது உண்மை. ஆனால் அதே ஆண்டு கன்சோல் தொழிலும் சேர்ந்தே விழுந்தது. விற்காத கேம் கார்ட்ரிட்ஜுகளை அட்டாரி நியூ மெக்ஸிகோவின் அலமொகோர்டோ குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் புதைத்தது அந்த ஆண்டில்தான். கூடவே படுத்துவிட்டவனைக் கொலைகாரன் என்பது எப்படி?

ஆர்கேடை உள்ளிருந்து அரித்த முக்கியமான காரணத்தை யாரும் பேசுவதில்லை. அது 25 சென்ட் காசு. 1980-களின் தொடக்கத்தில் ஓர் இயந்திரத்தின் விலை இரண்டாயிரம், மூவாயிரம் டாலர். இயந்திரக்காரர் ஒருவர், இடம் கொடுத்த கடைக்காரர் ஒருவர். விழுந்த காசைப் பெரும்பாலும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு காசுக்குச் சில நிமிட ஆட்டம். இந்தக் கணக்கு ஓடவேண்டுமானால் காசின் மதிப்பு நிலையாக இருக்கவேண்டும். இருக்கவில்லை. 1980-இல் 25 சென்டுக்கு இருந்த மதிப்பு 1995-இல் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. வாடகையும் மின்கட்டணமும் சம்பளமும் ஏறின; ஆடுபவரின் கையும் மனசும் மட்டும் பெரும்பாலும் அந்த ஒற்றைக் காசிலேயே நின்றுவிட்டன. பெரிய காசு ஒன்றும் கைகொடுக்கவில்லை: 1979-இல் அமெரிக்க அரசு ஒரு டாலர் நாணயம் வெளியிட்டது. அளவில் 25 சென்ட் போலவே இருந்ததால் மக்கள் அதைப் புழங்கவில்லை. ஜப்பானிலும் இதே முடிச்சுதான். அங்கே ஓர் ஆட்டத்துக்கு 100 யென். 1989-இல் 3 சதவீதமாக வந்த நுகர்வு வரி 2019-இல் 10 சதவீதம் ஆனது. காசுத் துளையோ 103 யென்னையும் வாங்காது, 110 யென்னையும் வாங்காது. வரியைக் கடைக்காரரே தாங்கினார். இதில் கன்சோல் எங்கே வந்தது?

'ஆர்கேட் என்றால் கெட்டுப்போகிற பையன்கள் கூடும் இடம். குடும்பங்களுக்கான மையம் அதற்குப் பிறகு வந்த திருத்தம்' என்று இன்னொரு வாதம். ஆனால் அட்டாரியைத் தொடங்கிய நோலன் புஷ்னெல், பீட்சாவும் பொம்மைக் கச்சேரியும் வீடியோ கேமும் ஒரே கூரையின் கீழ் இருந்த சக் ஈ. சீஸ் உணவகத்தை சான் ஹோசேயில் திறந்தது 1977-இல், 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வருவதற்கும் முன்னால். பீட்சா வேக நேரமாகும், அதுவரை பிள்ளைகள் ஆடட்டும் என்பது கணக்கு. பெண்களையும் ஜோடிகளையும் உள்ளே வரவழைக்க வேண்டும் என்றே தோரு இவாதானி 1980-இல் 'பேக்மேன்' செய்தார். கெட்ட இடம் என்ற முத்திரையைக் குத்தியதில் ஊர் நிர்வாகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. டெக்ஸாஸின் மெஸ்கீட் நகரம், 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் துணையின்றி ஆடக்கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-இல் தீர்ப்பு வந்தது. மாசசூசெட்ஸின் மார்ஷ்ஃபீல்டு ஊர் அதே ஆண்டு காசு போட்டு ஆடும் வீடியோ கேம்களையே தடைசெய்தது. தடை நீங்கியது 2014-இல்!

கன்சோலுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1999-இல் ட்ரீம்காஸ்ட் கன்சோலில் வந்த 'சோல்கேலிபர்' விளையாட்டு ஆர்கேடில் இருந்ததைவிட அழகாகவே இருந்தது. கண்ணுக்கு விருந்து என்ற ஒரு பலம் அன்றோடு போயிற்று. ஆனால் ஆர்கேடின் ஒரே பலம் அதுவா? 1991-இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வந்தபோது, திரையின் கீழ் விளிம்பில் காசுகளை வரிசையாக வைத்து 'அடுத்தது நான்' என்று காத்திருந்தார்கள். முன்பின் தெரியாதவனோடு தோளுரசி நின்று மோதி, தோற்றால் இடத்தை விட்டு நகர்ந்தார்கள். அதே விளையாட்டு அடுத்த ஆண்டு வீட்டுக்கு வந்தது; அந்த வரிசையும் அந்நியனும் கூட வரவில்லை.

'ஆர்கேட் செத்துவிட்டது' என்பதே முழு உண்மை அல்ல. நியூ ஹாம்ப்ஷயரில் 1952-இல் தொடங்கிய ஃபன்ஸ்பாட், பழைய இயந்திரங்களின் அருங்காட்சியகத்தோடு நடந்துவருகிறது. 1982-இல் டல்லாஸில் திறந்த டேவ் அண்ட் பஸ்டர்ஸ் பல ஊர்களில் பரவியது. டேவ் அண்ட் பஸ்டர்ஸில் காசுக்குப் பதில் அட்டை. விலையை ஏற்றக் காசுத் துளை தடையில்லை. மறைந்தது, கையில் சில்லறை மட்டும் வைத்திருக்கும் பிள்ளை தனியாக நடந்துபோய் நுழையக்கூடிய தெருமுனைக் கடை. அந்த இழப்பு பெரியது. அதற்கு ஏறாத காசும் ஏறிய வாடகையும் ஊர்த் தடைகளும் பதில் சொல்லவேண்டும். இனி எங்காவது ஓர் ஆர்கேட் மூடியதாகப் படித்தால், வீட்டுத் திரையின்மேல் பழி போடுமுன் அந்தக் கடையின் வாடகை என்ன, ஓர் ஆட்டத்தின் விலை எத்தனை ஆண்டாக ஏறவில்லை என்று கேளுங்கள்.