பட்டாளத்தானுக்குக் கல், கூலிக்காரனுக்கு?



"பழங்கதை பேசினால் கூலி உயருமா?" என்று ஆனைக்கரையில் சில தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆகவே பதிலும் நேராகவே இருக்கட்டும்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவில் பெயர்த்தெடுத்த தண்டவாளங்கள் அங்கே போயின. மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழனும் அங்கே போனான். நல்ல கூலி என்று ஆசை காட்டினார்கள்; மசியாதவனைப் பிடித்துச் சரக்கு வண்டியில் அடைத்தார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

நான் ரயில்வேயில் கணக்கு எழுதுகிறவன். ஒரு கட்டை குறைந்தாலும் எங்கள் பேரேடு பதில் கேட்கும். அந்தப் பாதையில் மாண்டவனுக்குப் பேரேடு எது? நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேரில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 கற்கள் நிற்கின்றன. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளரில் மாண்டவர் 90,000 பேர் என்கிறார்கள். அதற்கும் மேல் என்பாரும் உண்டு. பட்டாளத்தானுக்குக் கணக்கு, கூலிக்காரனுக்கு வெறும் உத்தேசம்!

1951இல் சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கை வந்தது. சிறைப்பட்ட படைவீரர்களுக்குப் பணம் கொடுக்க அதில் வழி வைத்தார்கள். பாதை போட்ட கூலிக்கு வைத்தார்களா? இல்லை! 1957இல் வந்த குவாய் நதிப் பாலத்தின் படத்தை உலகமே பார்த்தது. அதுவும் கைதிகளின் கதையே.

இப்போது கேளுங்கள்: பழங்கதைக்கும் கூலிக்கும் தொடர்பு இல்லையா? பெயர் இல்லாதவனுக்கு நட்ட ஈடு கிடையாது. அன்று சயாமில் நடந்தது அதுதான். இன்று செக்ரோலில் பெயர் ஏறாமல் ஏலக்காட்டில் நாள் கூலிக்கு நிற்கும் பெண்ணுக்கு விபத்து நேர்ந்தால் நடப்பதும் அதுதான்!

சயாமுக்கு ஏன் போக வேண்டும்? 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூர் பட்டினியில் வாடியது; கப்பைக் கிழங்குதான் ஏழையின் உயிரைப் பிடித்து வைத்தது. உணவு விளைவிக்கவென்று இந்த மலைக் காடுகளையும் திறந்துவிட்டார்கள். போர் நம் அடுப்பு வரைக்கும் வந்தது, தோழர்களே!

நம்மவர் எழுதாமலும் இல்லை. பர்மாவிலிருந்து நடந்தே வந்த கதையை வெ. சாமிநாத சர்மா எழுதினார். போர்க்காலத் தென்கிழக்காசியாவில் வாழ்ந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தது. மலேசியத் தோழர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதினார். இந்தப் புத்தகங்கள் நம் சங்கப் படிப்பகத்தில் இருக்க வேண்டும். வாய்விட்டு வாசிக்கப்பட வேண்டும்.

ஆனால் உங்கள் வீட்டுப் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மலாயாவுக்குப் போன எங்கள் பூட்டனாரிடமிருந்து 1942க்குப் பிறகு கடிதமே வரவில்லை. செத்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசைக்குப் படையல் போடுகிறோம். அவர் மனைவி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. செத்தான் என்று சொல்ல ஒரு சர்க்காரும் வரவில்லையே, எதை நம்பிக் கழற்றுவாள்? இப்படி எத்தனை வீடுகளோ!

அந்தப் போரை நேரில் கண்டவர்கள் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அவர்களிடம் கேட்டவர்களாவது மிஞ்சியிருக்கிறார்கள். லயம் லயமாகப் போவோம். யார் போனார், எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோடு, கடைசிக் கடிதம் எப்போது என்று நாற்பது பக்க நோட்டில் பெயரோடு எழுதுவோம். பாட்டிமார் சொல்லட்டும், படித்த பிள்ளைகள் எழுதட்டும்.

கல் வைப்பது சர்க்காரின் கையில். பெயரைக் காப்பது நம் கையில். எழுதுங்கள், தோழர்களே!