பணம் போகும் பாதையை அடைத்துவிடுங்கள்

இந்திய ரிசர்வ் வங்கியின் கவர்னர், மதிப்பிற்குரிய திரு. சஞ்சய் மல்கோத்ரா அவர்களுக்கு,

ஆன்லைன் சூதாட்டத்தை அடியோடு தடை செய்வதா, உரிமம் கொடுத்து முறைப்படுத்துவதா என்ற வாதம் நம் நாட்டில் சில ஆண்டுகளாக ஓயாமல் நடக்கிறது. சட்டமன்றம், நாடாளுமன்றம், உயர் நீதிமன்றம், ராஜ்பவன் என்று எல்லா வாசல்களையும் அது தட்டிவிட்டது. ஈரோட்டுப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் மேலாளராக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றவன் நான். என் அனுபவத்தில் அந்த வாதம் முதலில் வந்து சேர்ந்திருக்க வேண்டிய இடம் உங்கள் மேஜைதான். அதனால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ஓர் அம்மா கிளைக்கு வந்தார். தறிப்பட்டறையில் தார் சுற்றும் வேலை. மகளிர் குழுக் கடனின் தவணை கணக்கில் பணமில்லாமல் திரும்பிவிட்டது என்று குழுத் தலைவி சத்தம் போட்டிருக்கிறார். கணக்கு இவர் பெயரில். அந்தக் கணக்கோடு இணைத்த எண் இருக்கும் போன் மகன் கையில். மாதக்கணக்கில் வரவு செலவு பதியாத பாஸ்புக்கை எங்கள் ஊழியர் பிரிண்டரில் வைத்தார். பக்கம் நிறைந்தது, திருப்பினார். மறுபடி நிறைந்தது, மறுபடி திருப்பினார். 200, 500, 500, 1,000, 500. நடுவில் ஒரே ஒரு வரவு, 1,850 ரூபாய். அதற்கு அடுத்த வரியிலேயே மறுபடி 500. புத்தகம் தீர்ந்து புதுப் புத்தகம் எடுக்க வேண்டியிருந்தது. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. “எந்தக் கடைக்குங்க சார் இவ்வளவு பணம் போயிருக்குது?” என்று கேட்டார்.

என் அறைக்கு அழைத்துக் கணினியில் பார்த்தேன். பெரும்பாலான வரிகள் இரவு பதினொன்றரைக்கும் இரண்டு மணிக்கும் இடையில் நடந்தவை. ஓர் இரவு 12.40க்கு ஒரு கடன் செயலியிலிருந்து 8,000 ரூபாய் வரவு. 1.15க்குக் கணக்கில் மிச்சம் 43 ரூபாய். இன்னொன்றையும் கவனித்தேன். முன்பக்கங்களில் பணம் போன இடம் ஊரறிந்த ஒரு ரம்மி நிறுவனம். பின்பக்கங்களில் நிறுவனத்தின் பெயரே இல்லை. யார் யாரோ தனிநபர்கள், ஒவ்வொரு நாளும் வேறு வேறு பெயர்கள்.

அந்தப் பெயர்கள் மாறியதற்கு நடுவில் நடந்தது உங்களுக்கு நன்றாகத் தெரியும். 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், காசு வைத்து ஆடும் எல்லா ஆட்டங்களையும் தடை செய்தது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற கேள்வியையே அது ஒதுக்கி வைத்தது. பெரிய நிறுவனங்கள் சில நாட்களிலேயே காசு ஆட்டங்களை நிறுத்தின. ஆண்டுக்குச் சுமார் 45 கோடிப் பேர் 20,000 கோடி ரூபாயை இதில் இழக்கிறார்கள் என்பது அப்போது அரசே சொன்ன மதிப்பீடு. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. பல உயர் நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் எதிர்த் தரப்பின் வாதத்தில் உண்மை இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. உரிமம் பெற்ற நிறுவனம் என்றால் முகவரி உண்டு, வரி உண்டு, புகார் கொடுக்க ஆள் உண்டு. தடை செய்தால் ஆட்டக்காரர் குராசோ தீவில் பதிவு செய்த ஏதோ ஒரு இணையதளத்துக்குப் போய்விடுவார் என்கிறார்கள். அந்த அம்மாவின் பாஸ்புக்கில் அதுதான் நடந்திருக்கிறது.

தமிழ்நாடு இரண்டு வழியிலும் நடந்து பார்த்த மாநிலம். 2020இல் அவசரச் சட்டம், அடுத்த ஆண்டு தடைச் சட்டம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைந்தது, 2022இல் புதிய மசோதா வந்தது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்ப, 2023 ஏப்ரலில் சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொன்ன தீர்ப்பின் நிழல் அது. இதற்குப் பிறகுதான் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஆதார் சரிபார்ப்பு, பதினெட்டு வயதுக்குக் கீழே அனுமதியில்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டமே கிடையாது. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அவற்றை உறுதி செய்தது. இந்த ஐந்தாண்டுக் காலத்தில் எழுதப்பட்ட எல்லாவற்றிலும் அந்த நள்ளிரவு விதிதான் ஆட்டக்காரரின் இரவு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி. இரண்டு மாதத்தில் மத்தியச் சட்டம் வந்து அந்த ஏற்பாடே தேவையற்றதாகிவிட்டது. இன்று வெளிநாட்டு இணையதளத்தில் ஆடுபவருக்கு அந்த ஐந்து மணி நேர ஓய்வும் இல்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் நான் ஏன் தடையின் பக்கம் நிற்கிறேன்? உரிமம் கொடுத்த நாடு எங்கே போய் நின்றது என்று பார்த்ததால். பிரிட்டன் 2005இல் தாராளமான சூதாட்டச் சட்டம் இயற்றியது. சூதாட்டத் துறையின் லாபத்தில் 60 சதவீதம், அடிமையாகிவிட்ட அல்லது அடிமையாகும் நிலையில் உள்ள 5 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது என்று 2020இல் அந்நாட்டுப் பிரபுக்கள் சபையின் குழு எழுதியது. பந்தய இயந்திரங்களில் ஒரு தடவைக்கு 100 பவுண்டாக இருந்த உச்சவரம்பை 2019இல் 2 பவுண்டாகக் குறைத்தார்கள். 2020இல் கடன் அட்டையில் சூதாடுவதைத் தடை செய்தார்கள். 2025இல் ஆன்லைன் ஸ்லாட் ஆட்டங்களுக்கு 5 பவுண்டு, இளைஞர்களுக்கு 2 பவுண்டு என்று வரம்பு வைத்தார்கள். திறந்த கதவை இருபது ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்த முடியாதவரிடமிருந்தே லாபத்தின் பெரும்பகுதி வரும் ஒரு தொழிலிடம் நிறுத்தும் பொறுப்பை ஒப்படைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வருமானம் வருமே என்பார்கள். அந்தப் பாடத்தையும் தமிழ்நாடு படித்திருக்கிறது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று சொல்லி 1968இல் பரிசுச் சீட்டைத் தொடங்கியது மாநில அரசேதான். கூலி வாங்கிய கையோடு சீட்டுக் கடையில் நின்றவர்களைப் பார்த்துப் பார்த்து, 2003இல் லாட்டரி விற்பனையையே தடை செய்ததும் அதே மாநில அரசு. மூணு நம்பர் லாட்டரி என்று திருட்டுத்தனமாக ஒன்று இன்றும் நடக்கிறது, கைதுகளும் நடக்கின்றன. ஆனாலும் தடை பெருமளவு நின்றது. காரணம், சீட்டு விற்கப் பேருந்து நிலையத்தில் ஒரு கடை வேண்டும், போலீஸ்காரர் கண்ணுக்கு அந்தக் கடை தெரியும். இன்று அந்தச் சீட்டுக் கடையின் இடத்தில் இருப்பது வங்கிக் கணக்கு. அது தெரிய வேண்டியது உங்கள் கண்ணுக்கு.

இந்தத் துறையில் புரளும் பணத்தின் அளவு உங்களுக்குப் புதிதல்ல. 2023 ஜூலையில், கட்டிய முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி என்று கவுன்சில் முடிவெடுத்தபோது வருவாய்த் துறைச் செயலாளராக இருந்தவர் நீங்கள். எந்தப் பணத்துக்கு வரி என்று அன்று நிறுவனங்கள் ஒவ்வொரு ரூபாய்க்கும் வாதாடின. அன்று வரிக்காகத் தேடிய அதே கவனத்தோடு, இன்று அந்தப் பணம் எந்தக் கணக்குகள் வழியாகப் போகிறது என்று தேடச் சொல்கிறேன்.

அந்தக் கணக்குகள் எப்படி உருவாகின்றன என்பதை எந்தக் கிளையிலும் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் பையன் கணக்குத் தொடங்க வருவான். கூடவே அவனுக்கு உறவில்லாத இரண்டு பேர் வருவார்கள், வாசலருகே நிற்பார்கள். பையனிடம் அன்றைக்குத்தான் வாங்கிய சிம். ஏடிஎம் கார்டு, நெட் பேங்கிங், யூபிஐ எல்லாம் அன்றே வேண்டும் என்பான். கே.ஒய்.சி. காகிதங்களில் ஒரு குறையும் இருக்காது, எல்லாம் அவனுடைய உண்மையான ஆவணங்கள். சில ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கை வாடகைக்கு விட்டுவிட்டுப் போய்விடுவான். பிறகு வேறு மாநிலத்துப் போலீஸிடமிருந்து கணக்கை முடக்கச் சொல்லிக் கடிதம் வரும்போதுதான் அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் விஷயமே புரியும்.

இத்தகைய கணக்குகளைக் கண்டுபிடிக்க உங்கள் ரிசர்வ் வங்கி இன்னவேஷன் ஹப் ‘மியூல்ஹன்டர்’ என்ற மென்பொருளை உருவாக்கியிருக்கிறது, 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அதை அறிவித்தது. நல்ல வேலை. ஆனால் கிளையின் உள்ளே இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கணக்குத் தொடங்க டார்கெட் உண்டு, சேமிப்பு வைப்பைக் கூட்ட டார்கெட் உண்டு. வாராவாரம் மண்டல அலுவலகத்திலிருந்து போன் வரும். சந்தேகக் கணக்கை மூடியதற்காக யாரும் யாரையும் பாராட்டி நான் பார்த்ததில்லை. மாணவன் ஒருவனின் சேமிப்புக் கணக்குக்கு முன்பின் தெரியாத நானூறு பேர் நள்ளிரவில் ஐந்நூறு ஐந்நூறாக அனுப்புகிறார்கள் என்றால், அதைக் கண்டுபிடிக்க மென்பொருள்கூட வேண்டாம். பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் போதும். புதிய சட்டத்தின் 7ஆம் பிரிவு, காசு ஆட்டத்துக்கான பணப் பரிமாற்றத்துக்கு எந்த வங்கியும் துணைபோகக் கூடாது என்கிறது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆனால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று எந்த வங்கியும் சொல்லிவிடலாம். எதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் கணக்கை நிறுத்த வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் அந்தச் சாக்கு செல்லாது. வங்கிகளை நீங்கள் மதிப்பிடும் ஆய்வில் இதற்கும் ஓர் இடம் வேண்டும்.

அதைவிட அவசரமானது கணக்கு வைத்திருப்பவர் கையில் ஒரு பூட்டைக் கொடுப்பது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஏடிஎம் அட்டையையும் கடன் அட்டையையும் ஆன்லைனில் பயன்படுத்துவதையோ வெளிநாட்டில் பயன்படுத்துவதையோ வாடிக்கையாளரே நிறுத்தவும் திறக்கவும் வசதி தர வேண்டும் என்று. எத்தனையோ பேரின் பணத்தை அது காப்பாற்றியது. யூபிஐக்கும் அப்படியொன்று கொண்டுவாருங்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை என் கணக்கிலிருந்து பணம் போகக் கூடாது, ஒரு நாளைக்கு இத்தனை ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, புதிய ஆளுக்கு அனுப்பினால் மறுநாள்தான் போய்ச் சேர வேண்டும் என்று கணக்குக்காரர் சொல்லிவைக்க வழி வேண்டும். பிரிட்டனில் பல வங்கிகள் சூதாட்டத்துக்குப் பணம் போவதை வாடிக்கையாளர் கேட்டால் தடுக்கின்றன. சில வங்கிகளில் பூட்டைத் திறக்கச் சொன்னால் உடனே திறக்காது, இரண்டு நாள் ஆகும். அட்டைப் பரிமாற்றத்தில் சூதாட்டக் கடைகளுக்கென்று 7995 என்ற தனிக் குறியீடு இருப்பதால் அங்கே அது சுலபம். இங்கே பணம் தனிநபர் கணக்குகளுக்குப் போவதால் அந்தக் குறியீடு உதவாது. அதனால்தான் நேரம், தொகை, புதிய ஆள் என்ற மூன்றையும் வைத்துப் பூட்டச் சொல்கிறேன்.

இந்தப் பூட்டைக் கிளைக்கு நேரில் வந்து போடவும் எடுக்கவும் முடிய வேண்டும் என்பது முக்கியம். செயலிக்குள் மட்டும் வைத்தால் போன் யார் கையிலோ அவரே எடுத்துவிடுவார். அந்த அம்மா என்னிடம் கேட்டது கிட்டத்தட்ட அதையேதான். கணக்கை மூடினால் மகளிர் குழுப் பணமும் அரசு தரும் மகளிர் உரிமைத் தொகையும் எங்கே வரும்? யூபிஐ சேவையை முழுவதுமாக நிறுத்தினால் மளிகைக் கடைக்கு எப்படிக் கொடுப்பது? ராத்திரி மட்டும் நிறுத்த முடியாதா என்றார். எங்கள் வங்கியில் அப்படி ஒரு வசதி இல்லை என்று சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று.

வயது வந்தவர் தன் பணத்தை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், அரசு ஏன் தலையிடுகிறது என்று படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். நான் கேட்கும் பூட்டு யார் மீதும் திணிப்பதல்ல, தன் கணக்குக்குத் தானே போட்டுக்கொள்வது. சுதந்திரம் என்றால் அந்த உரிமையும் அதில் அடக்கம்தானே. தவிர, நான் பார்த்த கணக்குகளில் தோற்ற பணம் ஆடியவரின் பணமாக மட்டும் இருந்தது மிகக் குறைவு.

கடன் செயலிகளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 2025 மே மாத வழிகாட்டுதல்களில் ஒழுங்கான செயலிகளின் பட்டியலை உங்கள் இணையதளத்தில் வெளியிடச் செய்தீர்கள். கடன் வாங்கியவர் மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கக் குறைந்தது ஒரு நாள் அவகாசமும் வைத்தீர்கள். நள்ளிரவில் கடன் பணம் கணக்கில் விழுவதையும் நிறுத்துங்கள். 12.40க்கு வந்த அந்த 8,000 ரூபாய் காலை பத்து மணிக்கு வந்திருந்தால், அதற்குள் அந்த அம்மாவின் மகன் தறி வேலைக்குப் போயிருப்பான்.

இவற்றுக்கெல்லாம் நாடாளுமன்றம் போக வேண்டியதில்லை, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. வழக்கில் யார் வென்றாலும், தடை நின்றாலும் உரிமம் வந்தாலும், இந்தப் பூட்டு இரண்டுக்கும் தேவை. பணப் பரிமாற்ற அமைப்புகளுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு வங்கிகளுக்கும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்துக்கும் உத்தரவிடும் அதிகாரத்தை உங்களுக்குத் தந்திருக்கிறது. அந்தப் பிரிவின் கீழ் இரவு நேரப் பூட்டைப் பற்றி முதல் சுற்றறிக்கையை இந்த நிதியாண்டுக்குள் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கிக் கிளை மேலாளர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.