உயரம் கூடினால் பார்வை கூடுமா?



விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வகுப்பில் ஒரு பேச்சு எழுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். "எங்க மாமா துபாயிலே புர்ஜ் கலீஃபா மேலே ஏறிப் பார்த்தாரு" என்பான் ஒருவன். "எங்க அக்கா கோலாலம்பூரிலே இரட்டைக் கோபுரத்து உச்சிக்கே போயிட்டு வந்தாங்க" என்பாள் இன்னொருத்தி. படங்கள் கைக்குக் கை மாறும். எங்கும் போகாதவர்கள் பேசாமல் நிற்பார்கள். எத்தனையாவது மாடி என்ற எண்தான் அங்கே மதிப்பெண்! கடல் கடந்து வேலைக்குப் போனவர்களின் குடும்பங்கள் உள்ள நம் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும், இந்தப் பேச்சு புதிதன்று.

உயர்ந்த கட்டடங்களில் ஏறிப் பார்ப்பது நல்லதுதான். வாய்ப்புக் கிடைத்தால் கட்டாயம் போய் வாருங்கள். ஆனால், மாடியின் எண் கூடக் கூடப் பார்வையும் அதே அளவில் கூடும் என்று எண்ணிவிடாதீர்கள். போக முடியாதவர்கள் தாங்கள் பெரிதாக எதையோ இழந்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கணக்கே அப்படித்தான் சொல்கிறது.

ஒரு சிறு கணக்கு

உயரத்தில் நிற்கும்போது எவ்வளவு தூரம் தெரியும்? பூமி உருண்டை. நம் கண்ணிலிருந்து புறப்படும் ஒரு நேர்கோடு பூமியின் பரப்பைத் தொட்டுச் செல்லும் இடமே தொடுவானம். அங்கிருந்து பூமியின் மையத்துக்கு ஒரு கோடு. மையத்திலிருந்து நம் கண்ணுக்கு ஒரு கோடு. ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது அல்லவா? பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். விடை எளிமையாக வரும்: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால், தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். (காற்றில் ஒளி சற்றே வளைவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.)

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'வர்க்கமூலம்'. உயரம் 4 மடங்கானால் பார்வை 2 மடங்குதான் ஆகும். பார்வை 10 மடங்காக வேண்டுமென்றால் உயரம் 100 மடங்காக வேண்டும்!

சென்னை மெரினாவில் நீர் விளிம்பில் நிற்கும் ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். அவன் கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், அவனுக்குக் கடல் 4.4 கிலோமீட்டர் வரை தெரியும். அதே மெரினாவில், 1977-இல் செயல்படத் தொடங்கிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 46 மீட்டர். லிஃப்ட்டும் உண்டு. நெடுநாள் மூடியிருந்த பார்வை மாடம் 2013-இல் பொதுமக்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே 40 மீட்டர் உயரத்தில் நிற்பதாக வைத்துக்கொண்டால், சுமார் 22 கிலோமீட்டருக்கும் மேல் தெரியும். ஐந்து மடங்கு பார்வை!

இனி புர்ஜ் கலீஃபாவுக்குப் போவோம். 2010 ஜனவரியில் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் மொத்த உயரம் 828 மீட்டர். அதன் 124-ஆவது மாடியில் உள்ள பார்வைத் தளம் ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தொடுவானம் சுமார் 76 கிலோமீட்டர். இன்னும் மேலே, 148-ஆவது மாடியில், 555 மீட்டர் உயரத்தில் மற்றொரு தளம். அங்கே போக அதிகக் கட்டணம் தர வேண்டும். தொடுவானமோ 84 கிலோமீட்டர்தான்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். மெரினாவில் 38 மீட்டர் ஏறியவனுக்குப் புதிதாகக் கிடைத்தது 18 கிலோமீட்டர். துபாயில் 124-ஆவது மாடியிலிருந்து மேலும் 100 மீட்டருக்கு மேல் ஏறியவருக்குப் புதிதாகக் கிடைத்தது 8 கிலோமீட்டர். ஏறுவதில் முதல் சில படிகளே மிகுந்த லாபம் தருபவை! அதற்கு மேல் உயரம் ஓடும், பார்வை நடக்கும். அதுவும் காற்றில் தூசியும் ஈரமும் இல்லாத நாளில்தான். புழுதி கிளம்பிய நாளில், கணக்குப்படி 84 கிலோமீட்டர் தெரிய வேண்டிய இடத்தில் பக்கத்துத் தெருகூட மங்கலாகத்தான் தெரியும்.

"அங்கே நின்றால் பூமி வளைந்திருப்பதே தெரிகிறது" என்று சிலர் சொல்வதுண்டு. நம்பிவிடாதீர்கள். இடமிருந்து வலமாகத் தொடுவானம் வளைவதைக் கண்ணால் உணர, பயணிகள் விமானம் பறக்கும் உயரமாவது வேண்டும். கைபேசிப் படத்தில் தெரியும் வளைவு பெரும்பாலும் லென்சின் கைவேலை.

சூரியன் இருமுறை மறையும்

அப்படியானால் உயரத்தில் பார்க்க ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆனால் அவை கேள்வியோடு போகிறவருக்கே தெரியும்.

450 மீட்டர் உயரத்தில் தொடுவானம் நம் கண்மட்டத்தில் இருப்பதில்லை. சற்றே தாழ்ந்திருக்கும். பத்தாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் 'இறக்கக் கோணம்' இதுதான். இங்கே அது ஏறத்தாழ 0.7 பாகை, முழுநிலவின் அகலத்தைவிடச் சற்று அதிகம். இந்தச் சிறு கோணத்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்கிறீர்களா? தரையில் இருப்பவருக்குச் சூரியன் மறைந்த பிறகும் மேலே இருப்பவருக்கு அது சுமார் 3 நிமிடம் தெரிந்துகொண்டே இருக்கும். அங்குள்ள லிஃப்ட் 124-ஆவது மாடிக்கு ஏறச் சுமார் 1 நிமிடமே எடுத்துக்கொள்கிறது. ஆகவே, கீழே ஒருமுறை சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு, உடனே ஏறிப்போய் மேலே மறுமுறையும் பார்க்கலாம்!

இது வேடிக்கைக் கணக்கு மட்டுமன்று. ரமலான் நோன்பைச் சூரியன் மறைந்த பின்னரே திறக்க வேண்டும். எந்த மாடியில் இருப்பவருக்கு எப்போது மறைகிறது? புர்ஜ் கலீஃபாவில் 80-ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் 2 நிமிடமும், 150-ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் தாமதித்தே நோன்பு திறக்க வேண்டும் என்று 2011-இல் துபாயின் மார்க்க அறிஞர்கள் அறிவித்தார்கள். பூமி உருண்டை என்பதைப் பாடநூலில் படிக்கிறோம். அந்த மாடிகளில் இருப்பவர்கள் அதை நோன்பு திறக்கும் வேளையில் கடிகாரத்தில் பார்க்கிறார்கள்.

உங்கள் மாமா இதைக் கவனித்தாரா என்று கேட்டுப் பாருங்கள். படம் எடுக்கும் அவசரத்தில் கவனித்திருக்க மாட்டார்!

கேள்வியோடு ஏறியவர்கள்

உயரமான இடங்களுக்குக் கேள்வியோடு ஏறியவர்களின் வரலாறு நீளமானது. ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் அல்பிரூனி என்ற அறிஞர், இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டைக்கு அருகே ஒரு மலைமீது நின்றார். கீழே பரந்த சமவெளி. அவர் முதலில் மலையின் உயரத்தை அளந்தார். பிறகு தொடுவானத்தின் இறக்கக் கோணத்தை அளந்தார். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பூமியின் ஆரத்தையே கணக்கிட்டுவிட்டார்! நாம் சற்றுமுன் போட்ட அதே முக்கோணம். அவர் அதை மறுபக்கத்திலிருந்து போட்டார், அவ்வளவுதான்.

1910-இல் தியோடர் வுல்ஃப் என்ற ஜெர்மானியப் பாதிரியார் பாரிசின் ஈஃபிள் கோபுரத்தில் ஏறினார். இவர் ஓர் இயற்பியல் ஆசிரியர். கையில் தாமே வடிவமைத்த மின்காட்டி ஒன்றைக் கொண்டுபோனார். கதிர்வீச்சு மண்ணிலிருந்து மட்டும் வருவதானால், 300 மீட்டர் உயரத்தில் அது வெகுவாகக் குறைந்துவிட வேண்டும். எதிர்பார்த்த அளவுக்கு அது குறையவில்லை. அப்படியானால் மிச்சம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து, 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கும் மேலே பறந்து அளந்தார். கதிர்வீச்சு மேலே போகப் போகக் கூடியது. காஸ்மிக் கதிர்கள் அறியப்பட்டது இப்படித்தான். ஹெஸ்ஸுக்கு 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே கோபுரத்தில் அந்நாளில் ஏறி இறங்கிய எத்தனையோ பேருக்குக் கிடைக்காதது வுல்ஃபுக்குக் கிடைத்ததே, எதனால்? அவர் அவர்களைவிட ஓர் அடிகூட உயரமாக ஏறிவிடவில்லையே!

நம் தமிழ்நாட்டுக் கோபுரங்களும் இந்தக் கதையில் உண்டு. 1802-இல் சென்னையில் நில அளவையைத் தொடங்கிய லாம்டன், குன்றுகள் இல்லாத சமவெளியில் கோயில் கோபுரங்களையே அளவை மேடைகளாகக் கொண்டார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில், அரை டன் எடையுள்ள தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி மோதிச் சேதமடைந்தது. அவர் அதைப் பிரித்துப் போட்டுப் பல வாரங்கள் பாடுபட்டுச் சீராக்கினார், அளவையைத் தொடர்ந்தார்.

"ஐயா, சுற்றுலா என்பது மகிழ்ச்சிக்காக. அங்கேயும் கணக்குப் பாடமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் கிரிக்கெட் விதிகள் தெரிந்தவர் ஆட்டத்தை ரசிப்பது போல, தெரியாதவர் ரசிக்க முடியுமா? இரண்டாவது முறை மறையும் சூரியனுக்காகக் காத்திருப்பவரின் மகிழ்ச்சி, வந்தோம், படம் எடுத்தோம், இறங்கினோம் என்பவரின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்பதே என் கட்சி.

நம் பள்ளத்தாக்கின் உயரங்கள்

துபாய்க்கும் சென்னைக்கும் போக முடியாதவர்கள் என்ன செய்வது? கம்பத்திலிருந்து குமுளிக்குப் பேருந்தில் ஏறுங்கள்! இந்த மலைப்பாதையில் நீங்கள் ஏறும் உயரம் சுமார் 500 மீட்டர். அதாவது, புர்ஜ் கலீஃபாவின் 124-ஆவது மாடிக்குக் குறையாத உயரம்! அங்கே லிஃப்டில் காது அடைப்பதும், இங்கே கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைப்பதும் ஒரே காரணத்தால்தான். ஏறத்தாழ ஒவ்வொரு 9 மீட்டருக்கும் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைகிறது.

இதைக் கண்ணால் காணச் செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. குமுளியில் காலியான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து மூடியை இறுக்கமாகத் திருகிவிடுங்கள். கம்பத்தில் இறங்கியதும் பாருங்கள். யாரும் தொடாமலே பாட்டில் நசுங்கியிருக்கும்! நசுக்கியது நம் ஊர்க் காற்று. வழியில் லோயர் கேம்ப்பில் மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய்களையும் பாருங்கள். உயரம் அங்கே மின்சாரமாக மாறிக்கொண்டிருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். நம் பள்ளத்தாக்கில் தொடுவானக் கணக்கு நேராகப் பொருந்தாது. சுற்றிலும் மலைகள் மறைக்கின்றன. எந்தச் சூத்திரமும் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று அறிவதும் அறிவியலே. ஆனால் சூரியன் இருமுறை மறையும் காட்சியின் உறவுக்காட்சி ஒன்று நமக்குத் தினமும் கிடைக்கிறது. மாலையில் மேற்கு மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியதும் ஊரில் நிழல் விழுந்துவிடும். கிழக்கே மேகமலைச் சரிவிலோ வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும். பிறகு அந்த நிழலின் விளிம்பு மெல்ல மெல்ல மலைமேல் ஏறும்.

ஒரு வேண்டுகோள்

கல்விச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. சென்னைக்கு அழைத்துப்போனால் கலங்கரை விளக்கத்தையும் பட்டியலில் சேருங்கள். 1968-இல் கட்டப்பட்டு, நெடுநாள் மூடியிருந்து, 2023-இல் மீண்டும் திறக்கப்பட்ட அண்ணாநகர் பூங்காக் கோபுரமும் இருக்கிறது. ஏறுவதற்கு முன் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள். 'இங்கிருந்து எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்? எவ்வளவு தெரிகிறது? வித்தியாசம் ஏன்?' இது போதும். 'உயரங்களும் தொலைவுகளும்' பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்து மறக்கும் பிள்ளைகள், அதன் பிறகு மறக்க மாட்டார்கள்.

சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளை வகுப்பில் ஒருவராவது இருப்பார். அவரிடம் நான் சொல்வது இது: இன்று மாலை மொட்டை மாடிக்கோ பள்ளித் திடலுக்கோ போங்கள். மேற்கு மலையின் நிழல் உங்களைக் கடந்ததும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். கிழக்கு மலை உச்சியில் கடைசி வெயில் அணைந்ததும் மீண்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே எத்தனை நிமிடம்? நாளைக்கும் அதே அளவுதானா? மார்கழியிலும் சித்திரையிலும் மாறுமா? ஒரு மாதம் குறித்து வைத்தால், எந்த மாடிக்குப் போய் வந்தவரும் கொண்டுவராத ஓர் அட்டவணை உங்கள் கையில் இருக்கும்.